செல்லப் பாம்பை தோளில் போட்டுக்கொண்டு வெளியே போகலாமா? சட்டம் என்ன சொல்கிறது, பாம்புக்கு என்ன ஆகிறது?

ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் கடற்கரையில் ஒருவர் அலைச்சறுக்கு செய்துகொண்டிருந்தார். அது அங்கே தினமும் நடக்கிற விஷயம்தான். ஆனால் அவருடைய கழுத்தில் ஒரு மலைப்பாம்பு சுற்றியிருந்தது. அதன் பெயர் சிவா. பாம்போடு சேர்ந்து அவர் அலையில் சறுக்கும் வீடியோ 2023-ல் வைரலானது. ரசித்துப் பார்த்தவர்கள் பலர். பார்த்தவர்களில் குவீன்ஸ்லாந்து மாகாண சுற்றுச்சூழல் துறை அதிகாரிகளும் இருந்தார்கள். 2,322 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுவிட்டார்கள். அப்போதைய மதிப்பில் நம்ம ஊர் பணத்தில் சுமார் 1.2 லட்சம் ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பாம்பை வீட்டில் வளர்க்க அவருக்கு அனுமதி இருந்தது. பாம்பை வைத்திருந்ததற்காக அபராதம் போடவில்லை. பொது இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியதற்காகத்தான் போட்டார்கள். அந்த உரிமத்தின் நிபந்தனைகளில் அதற்கு இடமில்லை. பாம்பு குளிர் ரத்தப் பிராணி, கடல் தண்ணீர் அதற்கு மிகவும் குளிராக இருந்திருக்கும், இப்படி வெளியே கொண்டுவருவது அதற்குத் தேவையில்லாத மன அழுத்தம் என்பது துறை சொன்ன விளக்கம்.

சரி, இது ஆஸ்திரேலியா கதை. சென்னையிலோ கோவையிலோ ஒருவர் தன் செல்லப் பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கோ மாலுக்கோ வந்தால்?

முதல் கேள்வி: அது எந்த ஊர் பாம்பு?

இந்தியாவில் எல்லாமே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. போலீஸோ வனத்துறையோ முதலில் கேட்கப்போவதும் இதைத்தான்.

நம் காட்டிலும் வயலிலும் இருக்கிற பாம்பு என்றால் பேச்சுக்கே இடமில்லை. மலைப்பாம்பு, நல்ல பாம்பு, ராஜநாகம், கண்ணாடி விரியன், சாரை என நமக்குத் தெரிந்த பாம்புகள் எல்லாம் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் இரண்டு அட்டவணைகளுக்குள் வருகின்றன. பிடிப்பதே குற்றம். சட்டத்தின் பார்வையில் பிடிப்பதும் 'வேட்டை'தான், கொன்றால்தான் வேட்டை என்று இல்லை. 'குட்டியா இருந்துச்சு, பாவம்னு எடுத்து வளர்த்தேன்' என்பது பதிலாகாது. சட்டத்தை மீறி வைத்திருக்கும் காட்டு விலங்கு அரசின் சொத்து.

முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு என்றால் குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். நம்ம ஊர் மலைப்பாம்பு அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. உடும்பும், பல வீடுகளில் 'அதிர்ஷ்டம்' என்று சொல்லி வைத்திருக்கும் நட்சத்திர ஆமையும் அதே அட்டவணைதான். நட்சத்திர ஆமையைப் பூங்காவுக்குக் கொண்டுபோய் புல் மேய விட்டு ரீல்ஸ் எடுத்துப் போடுகிறவர், தன் மீதான வழக்குக்குத் தானே ஆதாரம் தயாரித்துக் கொடுக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுப் பாம்பு என்றால் நிலைமை வேறு. ஆஸ்திரேலியாவுக்கும் நமக்கும் இதில் ஒரு வேடிக்கையான முரண் இருக்கிறது. அங்கே உள்நாட்டுப் பாம்பை உரிமம் வாங்கி வளர்க்கலாம், வெளிநாட்டுப் பாம்பைச் செல்லப் பிராணியாக வைத்துக்கொள்ள முடியாது. இங்கே நேர் எதிர். உள்நாட்டுப் பாம்பைத் தொடக் கூடாது, வெளிநாட்டுப் பாம்பை பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம்.

பதிவு என்றால் என்ன பதிவு?

செல்லப் பாம்பு என்று இந்தியாவில் விற்கப்படுவதில் பெரும்பாலும் அடிபடும் பெயர் பால் பைத்தான். (பால் குடிக்கிற பாம்பு என்று நினைத்துவிட வேண்டாம். எந்தப் பாம்பும் பாலைத் தேடிக் குடிப்பதில்லை. ஆங்கிலத்தில் பால் என்றால் பந்து. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் என்பதால் அந்தப் பெயர். இந்தப் பெயருக்கு மறுபடியும் வருவோம், கட்டுரையின் முக்கியமான விஷயமே அதற்குள்தான் இருக்கிறது.) மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 3 முதல் 5 அடி வரை வளரும். விஷம் இல்லை. நன்றாகப் பராமரித்தால் 20, 30 ஆண்டுகள் வாழும்.

காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் பால் பைத்தான் இருக்கிறது. மலைப்பாம்பு வகைகள், போவா வகைகள், பச்சை இகுவானா எல்லாமே அதில் உண்டு. 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தில், இந்தப் பட்டியலுக்கென்றே நான்காவது அட்டவணை சேர்க்கப்பட்டது. அதில் உள்ள விலங்கை வைத்திருப்பவர் அரசிடம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். எப்படிச் செய்ய வேண்டும் என்ற விதிகள் 2024 பிப்ரவரி இறுதியில் அறிவிக்கப்பட்டன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாக, மாநில தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பம் போகும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாதம் அவகாசம் கொடுக்கப்பட்டது. விலங்கை வேறொருவருக்குக் கொடுத்தாலும், அது குட்டி போட்டாலும், இறந்துபோனாலும் அதையும் தெரிவிக்க வேண்டும்.

இந்தப் பதிவைச் செய்யாமல் வைத்திருந்தால்? சட்டத்தின் பொதுவான தண்டனைப் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எல்லா வெளிநாட்டுப் பாம்பும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதும் உண்மை. கார்ன் ஸ்நேக் எனப்படும் அமெரிக்கப் பாம்பு சைட்டீஸ் பட்டியலில் கிடையாது. ஆனால் பட்டியலில் இல்லை என்பதாலேயே அது இந்தியாவுக்குள் சட்டப்படி வந்தது என்று ஆகிவிடாது. உயிருள்ள பிராணியை இறக்குமதி செய்ய உரிமம், கால்நடைத் தனிமைப்படுத்தல் என்று தனி நடைமுறைகள் இருக்கின்றன. சென்னை விமான நிலையச் செய்திகளைப் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரில் இருந்து வந்த ஒரு பெண் பயணியின் பெட்டிகளைத் திறந்தபோது, பிளாஸ்டிக் டப்பாக்களில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. பாங்காக்கில் இருந்து வரும் பயணிகளின் பெட்டிகளிலும் பால் பைத்தான் குட்டிகள் திரும்பத் திரும்பப் பிடிபடுகின்றன. கடையில் 'எல்லாம் பேப்பர் இருக்கு தம்பி' என்று சொல்லி விற்பவரிடம் அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

'பதிவு இருக்கு. அப்போ பீச்சுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?'

பதிவுச் சான்று என்பது 'இந்த விலங்கு என்னிடம் இருக்கிறது' என்பதற்கான ஆதாரம். அதை ஊரைச் சுற்றிக் காட்ட கொடுத்த அனுமதிச் சீட்டு அல்ல. வெளியே கொண்டுபோன பிறகு வேறு சட்டங்கள் உள்ளே வருகின்றன.

ஒன்று, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 289 என்று இருந்ததுதான். தன் வசம் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ ஏற்பட வாய்ப்பிருந்தும், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாடு செய்யாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பெரும்பாலும் நாய்க்கடி வழக்குகளில் கேள்விப்படுகிற பிரிவு. ஆனால் சட்டத்தில் நாய் என்று எழுதவில்லை, 'எந்த விலங்கும்' என்றுதான் இருக்கிறது. விஷமில்லாத 4 அடி பாம்பு அந்த அளவுக்கு ஆபத்தா என்று வக்கீல் வாதாடலாம். 12 அடி பர்மிய மலைப்பாம்புக்கு அந்த வாதம் எடுபடுமா என்பது சந்தேகம்தான்.

இரண்டாவது, 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டம். தேவையில்லாத வலியோ துன்பமோ தரும் வகையில் விலங்கைக் கையாள்வது, எடுத்துச் செல்வது எல்லாம் இதில் வரும். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை. ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட தொகை அப்படியே இருக்கிறது. இதே சட்டத்தின் கீழ், டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சிகளில் விலங்கைக் காட்சிப்படுத்த முன்பதிவு வேண்டும். சினிமா படப்பிடிப்புக்கும் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி தேவை. படங்களின் தொடக்கத்தில் 'விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை' என்று கார்டு போடுவது இதனால்தான்.

இவை போக மால், உணவகம், ரயில், பேருந்து என்று ஒவ்வொரு இடத்துக்கும் சொந்த விதிகள் இருக்கும். உள்ளே விடமாட்டேன் என்று காவலாளி சொன்னால் பதிவுச் சான்றைக் காட்டி வாதாட முடியாது.

பாம்பு சும்மாதானே இருக்கிறது?

இதுதான் பலரும் சொல்லும் காரணம். 'பாருங்க, எவ்ளோ அமைதியா இருக்கு. அதுக்கும் ஜாலிதான்.'

நாய்க்கு வெளியே போவது தேவை. நடக்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், மற்ற நாய்களைப் பார்க்க வேண்டும். பாம்பு அப்படிப்பட்ட பிராணி இல்லை. பால் பைத்தான் தன் சொந்த ஊரில் பகல் முழுவதும் எலி வளையிலோ கரையான் புற்றிலோ பதுங்கிக் கிடந்து, இரவில் வெளியே வரும். அதற்குப் பாதுகாப்பு என்றால் இருட்டு, இறுக்கமான இடம், சத்தமில்லாத சூழல். திறந்த வெளி என்றால் பருந்து தூக்கிக்கொண்டு போகும் இடம் என்று அர்த்தம். மாலை நேர மெரினா அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாம்புக்குக் கண் இமை இல்லை. முகத்தில் தசை அசைவு இல்லை. வலித்தாலும் கத்தத் தெரியாது. அதனால் அதன் பயம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பயந்த பால் பைத்தான் செய்வது இரண்டுதான்: ஒன்று அப்படியே உறைந்துபோய் அசையாமல் இருப்பது, இன்னொன்று தலையை நடுவில் மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்வது. அதாவது, தோளில் 'அமைதியாக' கிடக்கிறது என்று நாம் நினைக்கும் நேரத்தில் அது பயத்தில் உறைந்துபோயிருக்கலாம். அதன் பெயரே அதன் பயத்தை வைத்து வந்ததுதான். கழுத்தை எஸ் எழுத்து மாதிரி வளைத்துப் பின்னுக்கு இழுப்பது, புஸ்ஸென்று மூச்சு விடுவது, துர்நாற்றம் வரும் திரவத்தைக் கழிப்பது, கையை வழக்கத்தைவிட இறுக்கிப் பிடிப்பது எல்லாம் அடுத்த கட்டம். அதற்குப் பிறகு கடி.

வெப்பநிலை இன்னொரு பெரிய விஷயம். நம் உடம்பு வெயிலிலும் குளிரிலும் தன் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். பாம்பின் உடம்பு அதைச் செய்யாது. சூடு வேண்டும் என்றால் சூடான இடத்துக்கு நகரும், போதும் என்றால் நிழலுக்குப் போகும். பால் பைத்தானுக்கு 26 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை வசதி. வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு மூலை சூடாகவும் மறுமூலை குளிர்ச்சியாகவும் வைப்பது இதற்காகத்தான். தோளில் கிடக்கும் பாம்புக்கு நகர்ந்து போக இடமில்லை. நம் மே மாத வெயிலிலோ, மூடிய காருக்குள்ளோ சிறிது நேரமே அதன் உயிருக்கு ஆபத்து. ஏசி மாலிலும் ஊட்டி குளிரிலும் பிரச்னை வேறு மாதிரி வரும். சூடு குறைந்தால் செரிமானம் நின்றுபோகும், நீண்ட நேரம் குளிரில் இருந்தால் மூச்சுக்குழாய் தொற்று வரும். இரை எடுத்த இரண்டு நாளைக்குள் தூக்கினாலே விழுங்கியதைக் கக்கிவிடக்கூடும். சட்டை உரிக்கும் நேரத்தில் கண் மேல் படலம் மங்கி, பார்வை சரியாக இருக்காது. அப்போது யார் தொட்டாலும் மிரளும்.

காது வெளியே தெரியாவிட்டாலும் தரை அதிர்வும் தாழ்ந்த ஒலியும் அதற்கு நன்றாகவே எட்டும். மேளம், பைக் சைலன்சர், கூட்டத்தின் காலடி எல்லாமே உடம்பின் வழியாக உள்ளே போகும்.

ஓணான் வகைகளுக்கும் ஆமைகளுக்கும் சிறிய விதிவிலக்கு சொல்ல வேண்டும். இகுவானாவுக்கு நேரடி வெயில் நல்லது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இல்லாவிட்டால் வைட்டமின் டி3 உருவாகாமல் எலும்பு வளைந்து போகும். ஆனால் அதற்கு வீட்டு மொட்டை மாடியில், பாதி நிழல் இருக்கிற கம்பிக் கூண்டு போதும். சந்தைத் தெரு வேண்டியதில்லை. கழுத்தில் கயிறு கட்டி அழைத்துப் போகும்போது நாய் குரைத்தால் அது ஓடத்தான் பார்க்கும். இழுத்தால் காயம், வாலைப் பிடித்தால் வால் கழன்று கையோடு வரும்.

பாம்பென்றால் படையும் நடுங்கும்

பழமொழி சும்மா வரவில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. வயல்வேலைக்குப் போகும் அம்மாவையோ மாமாவையோ பாம்புக்கடிக்குப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் ஊர்களில் நிறைய. அவர்களில் ஒருவர் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து சீட்டுக்காரர் பைக்குள் இருந்து பாம்பை எடுத்து, 'ஒண்ணும் பண்ணாது, தொட்டுப் பாருங்க' என்றால் அது நட்பான அழைப்பாக இருக்காது. பயந்து எழுந்து ஓடுகிறவர் சாலையில் விழலாம். கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டையை எடுத்தால் அடிபடப்போவது பாம்பு.

இதைவிடக் கவலை தரும் விஷயம் ஒன்று இருக்கிறது. தோளில் மலைப்பாம்போடு சிரித்துக்கொண்டு போகும் அண்ணனைப் பார்க்கும் 10 வயதுப் பையன் என்ன கற்றுக்கொள்கிறான்? பால் பைத்தானுக்கும் கண்ணாடி விரியனுக்கும் வித்தியாசம் அவனுக்குத் தெரியாது. பெரியவர்களுக்கே தெரிவதில்லை. தடித்த உடம்பும் பழுப்பு நிறத்தில் வரிசையாக வட்டங்களும் இருப்பதால், கண்ணாடி விரியனை 'மலைப்பாம்புக் குட்டி' என்று நினைத்துக் கையில் எடுத்துக் கடிபட்ட சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. கட்டு விரியனை விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் என்று நினைப்பதும் அப்படித்தான். பாம்பை நண்பனாகக் காட்ட வேண்டும், பார்த்தவுடன் அடித்துக் கொல்லும் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்ற ஆசை நல்லதுதான். பல பாம்பு ஆர்வலர்கள் உண்மையாகவே அதற்காகத்தான் வெளியே எடுத்து வருகிறார்கள். ஆனால் பார்க்கிறவர் மனதில் பதிவது 'பாம்பைக் கொல்லாதே' என்பதா, 'பாம்பைத் தூக்கலாம்' என்பதா? இரண்டாவது பதிந்தால் விலை உயிர்.

கடத்தி வரப்பட்ட வெளிநாட்டு விஷப் பாம்பு என்றால் ஆபத்து இன்னும் அதிகம். நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. ஆப்பிரிக்க விரியன் கடித்தால் அதை நம்பி இருக்க முடியாது.

விஷமே இல்லாத பிராணியிடம் இருந்தும் ஒன்று தொற்றும். சால்மொனெல்லா. பாம்பு, ஓணான், ஆமைகளின் குடலில் எந்த நோயும் இல்லாமல் இந்தக் கிருமி இருக்கும். எச்சம் வழியாகத் தோலுக்கு வந்து, தொடுகிறவரின் கைக்குப் போகும். பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கோடு போய்விடலாம். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு ரத்தத்தில் பரவி ஆபத்தாகலாம். குட்டி ஆமைகளைக் குழந்தைகள் வாயில் வைத்து நோய் பரவியதால், 4 அங்குலத்துக்குச் சிறிய ஓடு உள்ள ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-லேயே தடை போட்டது. பூங்காவில் பாம்பைத் தொட்ட குழந்தை அதே கையோடு பஜ்ஜி சாப்பிடும் என்பதுதான் இங்கே பிரச்னை.

மற்ற நாடுகளில் எப்படி?

ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி. சிங்கப்பூரில் செல்லப் பாம்பு என்ற பேச்சே இல்லை. ஊர்வனவற்றில் சிவப்புக் காது ஆமை, மலாயப் பெட்டி ஆமை ஆகிய இரண்டை மட்டுமே வீட்டில் வளர்க்கலாம். பாம்போடு வெளியே வந்தால் 'ஏன் வெளியே வந்தாய்' என்று கேட்க மாட்டார்கள், 'ஏன் வைத்திருக்கிறாய்' என்றுதான் கேட்பார்கள். அங்கே வேலைக்குப் போகும் நம்மவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பிரிட்டன் தாராளம். விஷப் பாம்பு, முதலை போன்றவற்றுக்குத்தான் 1976-ம் ஆண்டு ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டப்படி உரிமம் வேண்டும். மலைப்பாம்புக்கும் போவாவுக்கும் அந்த உரிமம் தேவையில்லை. 2020 செப்டம்பரில், முகக்கவசம் கட்டாயமாக இருந்த காலத்தில், மான்செஸ்டர் போகும் பேருந்தில் ஒருவர் பாம்பை முகத்தில் சுற்றிக்கொண்டு ஏறினார். பார்த்தவர்கள் முதலில் ஏதோ டிசைன் போட்ட முகக்கவசம் என்றே நினைத்தார்கள், அது கைப்பிடிக் கம்பியில் ஊரத் தொடங்கும் வரை. உலகம் முழுவதும் சிரித்தது. போக்குவரத்து நிர்வாகம், பாம்பின் தோலை முகக்கவசமாக ஏற்க முடியாது, அதுவும் அது இன்னும் பாம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது என்கிற மாதிரி விளக்கம் கொடுத்தது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் யாரும் சிரிக்கவில்லை. அங்கே பர்மிய மலைப்பாம்பைச் செல்லப் பிராணியாக வாங்குவது தடை செய்யப்பட்டிருக்கிறது. 2021-ல் பச்சை இகுவானாவும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. காரணம், தப்பிப் போனதும் வேண்டாம் என்று விட்டதுமான பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்டன. 2012-ல் வந்த ஆய்வின்படி, அவை நீண்ட காலமாக இருக்கும் பகுதிகளில் சாலைகளில் கண்ணில் படும் ரக்கூன்களின் எண்ணிக்கை 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது.

அந்தப் பாம்புகளைப் பிடிக்க 2017-ல் அவர்கள் உதவிக்கு அழைத்தது நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களை. இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் முதல் இரண்டு வாரத்தில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி நீளம். இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பாம்பைக் கையாள்வதில் உலகமே மதிக்கும் அவர்கள் சமூகம் வடநெம்மேலியில் நடத்தும் கூட்டுறவு சங்கத்தில், அரசு அனுமதியோடு பிடித்து விஷம் எடுத்த பாம்பை மறுபடியும் வெளியே விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

எடுத்துப் போயே ஆக வேண்டும் என்றால்?

மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும், வீடு மாற வேண்டியிருக்கும். அப்போது பாம்பு யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது. காற்றோட்டமான துணிப் பையில் விட்டு வாயை இறுக்கிக் கட்டி, அந்தப் பையை துளைகள் போட்ட, பூட்டக்கூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைக்க வேண்டும். காலையிலோ சாயங்காலமோ கிளம்புங்கள். காரில் பெட்டி மேல் வெயில் படக் கூடாது, ஏசி காற்று நேராக அடிக்கவும் கூடாது. நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட்டுப் போக வேண்டாம். கடைசி இரை எடுத்து இரண்டு, மூன்று நாள் ஆகியிருக்கட்டும். பதிவுச் சான்றின் நகல் கையில் இருக்க வேண்டும். எல்லா கால்நடை மருத்துவர்களும் பாம்பு பார்ப்பதில்லை, முதலில் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

வளர்க்க முடியவில்லை என்றால் ஏரியிலோ காட்டிலோ விடாதீர்கள். கோயில் குளங்களிலும் ஏரிகளிலும் இன்று தலைகாட்டும் சிவப்புக் காது ஆமைகள் எல்லாம் யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியில் இடம் போதாமல் கொண்டுவந்து விட்டவைதான். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் அதுவும் ஒன்று. பதிவு செய்த பாம்பு என்றால், அதை வாங்கிக்கொள்பவரின் பெயரில் பரிவேஷ் தளத்தில் மாற்றிக் கொடுக்க வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் மாவட்ட வன அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு ஒப்படைக்கலாம். பெட்டியில் இருந்து தப்பிப் போய்விட்டால் மறைக்காமல் அன்றைக்கே வனத்துறைக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிடுங்கள். விஷமில்லாதது, என்ன நிறம், எவ்வளவு நீளம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் அதைப் பார்க்கிறவர் கையில் கட்டை எடுப்பதா, போன் எடுப்பதா என்பதை அந்தத் தகவல்தான் முடிவு செய்யும்.